வீடியோவில் இல்லாத அக்காவுக்கு

அக்கா,

போன வாரம் உன் மகன், என் மகன் என்றா சொல்வது, நம் மகன், என் கல்யாண கேசட்டைச் சென்னையில் யாரிடமோ கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். கேசட்டின் உறையைத் திறந்ததும் பூஞ்சையும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். அதனால்தான் பழைய கல்யாணத்தைப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது.

தாலி கட்டும் இடம் வந்ததும் படத்தை நிறுத்தினான். "ஏம்மா, கண்ணுல தண்ணி இப்படி ஊத்துது? அப்பாவ அவ்ளோ புடிக்கலியா?"

"அழுவலடா. கண்ணு கூசிச்சு" என்றேன். எதனால் கூசியது என்று அவன் கேட்டான். அந்தக் கதை அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் மடியில் வளர்ந்த பிள்ளை. ஆனால் நீ அதை ஒரு நாளும் அவனிடம் சொல்லவில்லை.

எண்பத்தாறு, வைகாசி. திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை ஏலம் கூறிக்கொண்டிருந்த அப்பா, பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருக்கோடி வரை கேட்ட குரல் அவருடையது. நாக்கு இழுத்துக்கொண்ட பிறகு ஒற்றைச் சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் அம்மா இல்லாத வீடு உன் தோளில் இருந்தது. காலையில் பஸ் ஏறி விழுப்புரம் போவாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் கொடுப்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். நீ விடவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எனக்கு வரன் அமைந்தபோது, "எனக்காகக் காத்துக்கினு இருக்காத, நீ பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

விழுப்புரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபம். அப்பாவைக் காரில் உட்கார வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம்தான் நீ வீடியோ எடுக்கப் போவதாகச் சொன்னாய். பெரியப்பா கொதித்துப் போனார். அப்பாவின் அண்ணன், அப்பா படுத்த பிறகு குடும்பத்தின் பெரிய ஆண்பிள்ளை அவர்தான்.

"சினிமாவா எடுக்கப் போற? அவன் வூட்ல படுத்துக்கினு இருக்கான், உங்களுக்கு ஆடம்பரம் கேக்குதா?"

"படுத்துக்கினு இருக்கறதுனாலதான் பெரியப்பா" என்றாய். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

கோட்டக்குப்பத்தில் ஒருவர் இருந்தார். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு வீடியோ கேமராவோடு திரும்பி வந்தவர். பாய் என்றுதான் நாம் கூப்பிட்டோம். ஒரு லீவு நாளில் என்னையும் அழைத்துக்கொண்டு நீ அவர் வீட்டுக்குப் போனாய். அவர் நம் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளங்க யாரும் வரலியா தங்கச்சி?"

"கல்யாணத்த நடத்தறது நான்தாங்க. என்கிட்டயே பேசுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பெரிய மனிதரிடம் பேசுவது போலப் பேசினார். எந்த நேரத்துக்கு முகூர்த்தம், மண்டபத்தில் கரண்டு எப்படி, பிளக் எங்கே இருக்கிறது எல்லாம் கேட்டார். முக்கியமாக யார் யாரை எடுக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். நீ அங்கேயே உட்கார்ந்து எழுதினாய். அத்தை, மாமா, சித்தப்பா, திருவாமாத்தூர் சித்தி, அப்பாவோடு மண்டியில் வேலை செய்தவர்கள். தாளை எட்டிப் பார்த்து, "உன் பேரு எங்கக்கா?" என்றேன். "நான் ஸ்டோர் ரூம்ல இருப்பேன். அங்க வந்து இன்னாத்த எடுப்பாரு?" என்று சிரித்தாய். எனக்குப் புரிந்தது. தங்கையின் கல்யாணத்தில் மணமாகாத அக்கா மேடைப் பக்கம் போனால் வாய்கள் திறக்கும். அந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருக்க நீயே ஒதுங்கிக்கொள்ளத் தீர்மானித்திருந்தாய்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பாய் வந்தார். தோளில் ஒரு பெட்டி, கையில் கேமரா, இரண்டுக்கும் நடுவில் தடித்த வயர். ஆனால் லைட் பிடிக்க வேண்டிய அவருடைய மச்சான் வரவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாராம். பாய் நேராக ஸ்டோர் ரூமுக்கே வந்து உன்னிடம் சொன்னார்.

"பேஜாராப் போச்சு தங்கச்சி. லைட்டு இல்லன்னா படம் கறுப்பாத்தான் வரும். சூடு தாங்கி, கை ஆடாம நிக்கற ஆள் ஒருத்தர் வேணும்."

நீ சாவிக்கொத்தைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்தாய். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாய். "எப்படிப் புடிக்கணும்னு காட்டுங்க" என்றாய்.

நான் மணையில் உட்கார்ந்தபோது எதிரே ஒரு முக்காலி மேல் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். முன் வரிசையில் ஒரே கிசுகிசு. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். மேளச் சத்தத்தையும் மீறி அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"பெரியவளே, எறங்கு கீழ. நீ இங்க நின்னா பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?"

நீ எதிர்த்துப் பேசிவிடுவாய், சண்டையாகிவிடும் என்று நினைத்தேன். நீயோ முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாய்.

"சரிங்க பெரியப்பா. நீங்க புடிங்க. பொண்ணு மாப்ள ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சமமா விழணும். கை ஆடக் கூடாது."

சொல்லிக்கொண்டே அவர் கையில் அதைக் கொடுத்துவிட்டாய். அத்தனை பேர் முன்னிலையில் அவரால் மறுக்க முடியவில்லை. முக்காலியில் ஏறி நின்றார். ஒரு பக்கம் ஓமப் புகை, மறு பக்கம் அந்த விளக்கின் அனல். முதலில் வெளிச்சம் மாப்பிள்ளையின் தோளுக்கு இறங்கியது. பிறகு ஐயர் மேல் போனது. பிறகு தேங்காய்த் தட்டில் நின்றது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பாய் கத்தினார்: "மேல, மேல தூக்குங்க சாமி!" பெரியப்பாவின் நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார்.

"ஜல்தி, ஜல்தி, தாலி வருது!" என்றார் பாய்.

"ம்மா, நீயே புடிம்மா. என்னால ஆவல" என்று பெரியப்பா இறங்கிவிட்டார்.

நீ மறுபடியும் ஏறினாய். வெளிச்சம் நேராக என் முகத்துக்கு வந்து அசையாமல் நின்றது. உன்னைப் பார்க்க நிமிர்ந்தேன். கண் கூசித் தண்ணீர் கொட்டியதே தவிர உன் முகம் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கழுத்தில் தாலி ஏறியது. அதன் பிறகு முன் வரிசையில் யாரும் கிசுகிசுக்கவில்லை. முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் உனக்கு ஒரு சோடா வாங்கி அனுப்பினார்.

பந்தியில் உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மணிக்கட்டெல்லாம் சிவந்திருந்தது. தலையில் வைத்த மல்லிகை அனலில் வாடிக் கறுத்திருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் உன் கை நடுங்கியது. நான்தான் பிசைந்து ஊட்டினேன். "புதுப் பொண்ணு பண்ற வேலையாடி இது?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாய்.

மறுவீட்டுக்கு நாங்கள் திண்டிவனம் வந்த அன்று மதியம், டிவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து மூன்று சக்கர வண்டியில் வைத்து நீ கொண்டுவந்தாய். அப்பாவுக்கு முதுகில் மூன்று தலையணை. ஜன்னலெல்லாம் அக்கம்பக்கத்துத் தலைகள். அப்பா கண் கொட்டாமல் பார்த்தார். மண்டிக்காரர்கள் திரையில் வரும்போதெல்லாம் ஒரு சத்தம் எழுப்பினார். எல்லாம் முடிந்து திரை வெள்ளையாகப் பொரிந்தபோது, இடது கையைத் தூக்கி, "பெ... பெரியவ?" என்றார்.

"நான் அங்கதான்பா இருந்தேன்" என்று நீ மழுப்பினாய்.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "மாமா, இவ்ளோ நேரம் நீங்க பாத்தீங்களே, அந்த வெளிச்சம் மொத்தம் அவங்க புடிச்சது. எங்க முன்னாடி நின்னுக்கினு இருந்தாங்க."

கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா தொண்டையைச் செருமினார். "நடுவுல கொஞ்சம் இருட்டாவுதே, அது நான் புடிச்சப்ப" என்றார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. படத்தை மறுபடி போடச் சொல்லிக் கையால் காட்டினார். தாலி கட்டும் இடத்தில், திரையில் என் முகம் பளீரென்று நின்றபோது, உன்னை அருகில் இழுத்து உன் சிவந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக எதையும் முழுசாகச் சொல்லாத அந்த வாய், ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளிச் சொன்னது: "எம் பொண்ணு." அவர் பார்த்தது என்னையல்ல, உன்னை. எனக்குப் பொறாமை வரவில்லை அக்கா. என் உடம்பு சிலிர்த்தது.

அதன் பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார், போகும் வரைக்கும்.

நீ அந்த எக்ஸ்சேஞ்சிலேயே சூப்பர்வைசர் ஆனாய். லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாய், ஓய்வு பெற்றதும் எங்களோடேயே வந்து இருந்தாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முந்தாநாள் மகனின் கல்யாணப் பத்திரிகை அடிக்க விழுப்புரத்தில் பிரஸ்சுக்குப் போனேன். பெரியோர்களின் ஆசி என்று போடும் இடத்தில் முதல் பெயராக உன் பெயரைச் சொன்னேன். பிரஸ்காரர் எழுதிக்கொண்டே, "அவங்க வீட்டுக்காரர் பேருங்க?" என்றார்.

"கெடையாதுங்க. அவங்க பேரு மட்டும்."

"ஒத்தப் பேரா மொதல்ல போட்டா நல்லா இருக்குமாங்க?"

"நல்லாத்தான் இருக்கும். கீழ டெலிபோன் சூப்பர்வைசர்னு போடுங்க."

நேற்று அச்சாகி வந்துவிட்டது. தாத்தா பாட்டி, மாமா அத்தை, எல்லா ஜோடிகளுக்கும் மேலே, முதல் வரியில், தனியாக நீ இருக்கிறாய். எந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனாலும் அந்த வரியை நானே உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டை நீட்டுகிறேன். "யாரு இது?" என்று கேட்பவர்களிடம் "எங்க அக்கா" என்கிறேன். அப்போது என் குரல் எனக்கே கணீரென்று கேட்கிறது.

உன் தங்கை