அப்பாவின் கைக்கு எட்டும் எஞ்சின்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

இந்தக் கடிதம் அலாஸ்கா வந்து சேரும்போது நீ கப்பலில் இருப்பாயோ கரையில் இருப்பாயோ தெரியாது. எங்கே இருந்தாலும் உடம்பும் மனமும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். வழக்கமாக எழுதுகிற வார்த்தைதான், ஆனால் இந்த முறை உண்மையாகவே நன்றாக இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் இருப்பார், அவரைப் புகழ்ந்து ஒரு வார்த்தைகூட அவர் காதுபட என்னால் சொல்ல வராது. நம் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் நான் என்று பெயர்தான், பட்டம் வாங்கிய அன்றும் கூச்சத்தில் ஒதுங்கி நின்ற என்னை நீதான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாய். தாளில் எழுதுவதென்றால் எனக்குக் கூச்சம் இல்லை.

ஈஸ்டர் அன்று நீ போனில் சொன்னாயே, இலையுதிர் காலத்தோடு கடலோரக் காவல் படையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், பணியை நீட்டிக்க மறுபடி கையெழுத்துப் போட மாட்டேன், நான் இல்லாமல் அப்பாவுக்கு யார் புல் வெட்டுவார்கள், வண்டிகளை யார் பார்ப்பார்கள் என்று. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அப்பா சக்கர நாற்காலியில் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டார். சாப்பிடும்போது ஹாம் இறைச்சியை வெட்டிக்கொண்டே, அந்தப் பிள்ளை கப்பலில் நின்று எடுத்து அனுப்புகிற படங்களில் அதன் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தாயா டார்லா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். மறுநாளே புல் வெட்டும் வண்டிகளின் விலைப்பட்டியல் புத்தகங்களை வாங்கி வரச் சொன்னார்.

மர ஆலையில் அந்தக் கட்டை உருண்டு வந்து அப்பாவின் வலது கால் போனதிலிருந்து நம் பழைய புல் வெட்டும் டிராக்டர் கொட்டகையில்தான் நிற்கிறது, அதன் பெடல் வலது பக்கம். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வீட்டில் ஆண்பிள்ளை படுத்துவிட்டால் யாரும் கேட்பதில்லை, சொல்வதில்லை, வந்து புல்லை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நன்றி சொல்லப் போனால் முகம் சிவந்துபோகும். ஒரு சனிக்கிழமை நம் சர்ச் வென்டெல் வருவார், அடுத்த சனிக்கிழமை ராய்ஸ் பெரியப்பா. நல்ல மனிதர்கள். ஆனால் வெளியே எஞ்சின் சத்தம் கேட்டதும் உன் அப்பா பின் அறைக்குப் போய் பேஸ்பால் ஆட்டத்தை வீடு அதிர வைப்பார். ஒரு நாள் அந்த அறையில் எட்டிப் பார்த்தேன், திரையில் ஆட்டமே ஓடவில்லை, ஏதோ விளம்பரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராய்ஸ் பெரியப்பாதான் முதலில் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நின்ற இடத்திலேயே சுழலுமே, அந்த ஜீரோ டர்ன் வண்டி. அதில் ஓட்டுவதற்குக் கால் வேண்டாம், மடிக்கு நேராக இரண்டு நெம்புகோல், முன்னால் தள்ளினால் போகும், இழுத்தால் பின்னால் வரும், ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். உனக்குக் கை ரெண்டும் இருக்குல்லடா, ஏறு, உள்ள இருபத்தேழு குதிரை நிக்குது என்று பெரியப்பா எஞ்சினைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஊரில் எல்லா ஆண்களுக்கும் இதுதான், யார் வீட்டு எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்பதில்தான் மானம். அப்பா ஏறினார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார், கழுத்தைத் திருப்பி, கையைப் பின்னால் விட்டு எஞ்சினின் அடியில் எதையோ துழாவினார், பிறகு இறங்கிவிட்டார். நல்ல வண்டி அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் முடிந்தது, நீ வரத்தான் போகிறாய் என்று அன்று நான் நினைத்தேன். ஆனால் அந்தத் துழாவல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் எதைத் தேடினார்?

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டவுனில் டெல்பர்ட் கடைக்குப் போனோம், பெரியப்பாவும் கூட வந்தார். வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. டெல்பர்ட் நல்லவர்தான், ஆனால் நாற்காலியில் இருப்பவரோடு பேசத் தெரியாதவர்கள் செய்வதையே செய்தார், அப்பாவின் தலைக்கு மேலே என்னைப் பார்த்துப் பேசினார். அவருக்கு எது வசதியா இருக்கும் மேடம் என்று என்னிடம் கேட்டார். கடைக்காரரிடம் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தெரியுமல்லவா. அன்று எங்கிருந்து வந்ததோ, அவரையே கேளுங்க என்றேன். இரண்டே வார்த்தை, அதற்கே காது சுட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் தரமாட்டேன்.

அதன் பிறகு டெல்பர்ட் குனிந்து அவரோடு பேசத் தொடங்கினார். முதலில் காட்டியது ஒற்றை சிலிண்டர். அப்பா ஏறி உட்கார்ந்து ஓடவிட்டார், மிச்சமிருக்கும் தொடையை இருக்கை விளிம்பில் வைத்தவர் சற்று நேரத்தில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், அதிர்வு அப்படி. வலிக்கிறது என்று சொல்லவில்லை, இது குலுக்குது என்று மட்டும் சொன்னார். பிறகு பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சிக்கொள்ளும் புதுவகை. வெண்ணெய்போல் ஓடியது, எனக்கே பிடித்தது. இதில் கோளாறு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பா கேட்டார். எங்கள் கணினியைச் செருகினால் அதுவே சொல்லிவிடும் என்றார் டெல்பர்ட். அப்பா தலையசைத்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார். அடுத்து பெரியப்பாவுடையது போலவே ஒரு இருபத்தேழு குதிரை வண்டி. அப்பா அதில் ஏறவேயில்லை. நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய், குனிந்து, கையை உள்ளே விட்டார். அன்று முற்றத்தில் துழாவியது போலவே. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது, ஆயிலை வடிக்கும் குழாய் எங்கே இருக்கிறது, உட்கார்ந்தபடியே கை எட்டுமா என்று பார்க்கிறார். அந்த எஞ்சினில் எட்டவில்லை, சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபில்டர் ஒளிந்துகொண்டிருந்தது, அதை எடுக்கத் தரையில் மண்டியிட வேண்டும்.

அதெல்லாம் ஏன் பாக்கறீங்க, போன் பண்ணுங்க, எங்க ட்ரக் வந்து எடுத்துட்டுப் போயி எல்லாம் மாத்திக் கொண்டாந்து விட்டுடும் என்றார் டெல்பர்ட். அதற்கு உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆயில் மாத்த ஒரு ஆள் வரணும்னா, அந்த ஆளே புல்லையும் வெட்டிட்டுப் போகட்டும். அப்புறம் எனக்கு எதுக்குங்க வண்டி?"

டெல்பர்ட் வரிசையின் கடைசியில் நின்ற ஒன்றைக் காட்டினார். இரட்டை சிலிண்டர், பழைய மாதிரி கார்புரேட்டர்தான், கணினி இல்லாமல் கையாலேயே கழற்றிச் சரிசெய்யலாம், ஃபில்டர் பக்கவாட்டில் வெளியே தெரிந்தது, வடிகுழாயும் கைக்கு நேராக. அப்பா நாற்காலியில் இருந்தபடியே ஃபில்டரை முழுக் கையால் பற்றினார். குதிரை இருபத்திரண்டுதான். பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை, அஞ்சு குதிரை குறையுதேடா, ஊருல தலைகாட்ட முடியாதுடா என்றார். "நான் என்ன சவாரியா போறேன் அண்ணே? குதிரை கூடினா சாணிதான் கூடும்" என்றார் அப்பா. கால் போனதற்குப் பிறகு அவர் அடித்த முதல் கேலி அது. பெரியப்பா சிரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டிரெய்லரின் கொக்கியைச் சரிபார்ப்பதுபோல் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

வண்டி வந்த பிறகு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். கொட்டகை வாசலில் பழைய இரும்புக் குழாயை நட்டு, பலகை அடித்து, நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுவதற்குத் தானே ஒரு மேடை செய்தார். புல் வெட்டும் கத்தித் தட்டை உயர்த்த மட்டும் ஒரு கால்மிதி இருக்கிறது, அதையும் இடது காலுக்கு மாற்றி வைத்தார். முதல் தடவை ஏறும்போது நான் கிட்டே போனேன், நீ உள்ள போ டார்லா, நீ பாத்துட்டிருந்தா எனக்கு வழுக்கும் என்றார். உள்ளே போய்த் திரைச்சீலை வழியாகப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா. முதல் கோடு வளைந்தது, இரண்டாவதும் வளைந்தது. அதன் பிறகு, டெஸ்ஸா, நூல் பிடித்தாற்போல் போனார். ஓடையோரச் சரிவு வந்ததும் அதை விட்டுவிட்டுத் திரும்பினார். இந்த வண்டிகள் சரிவில் சறுக்கும், ராய்ஸ் பெரியப்பாவே ஒருமுறை ஓடையில் இறங்கினவர்தான். அந்த ஓரத்தை என்ன செய்வது என்று பிறகு கேட்டேன். அது அப்படியே வளரட்டும், மின்மினிக்கும் இடம் வேண்டாமா என்றார். முன்பெல்லாம் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தால் தூக்கம் வராத மனிதர். விட வேண்டியதை விடவும் அவருக்கு இப்போது தெரிகிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வென்டெல் வழக்கம்போல டிரெய்லரோடு வந்தார். வெட்டியிருந்த புல்லைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார், இறங்கவில்லை, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு அப்படியே போய்விட்டார். அப்பாவும் வராந்தாவில் இருந்தபடி இரண்டு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கடுத்த வாரம் இவர் செய்த குறும்பைக் கேள். பெரியப்பா வேலைக்குப் போயிருந்தபோது வேலியோரமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அவர் முற்றம் முழுவதையும் வெட்டிவிட்டு வந்துவிட்டார். மாலையில் போன். "எவன்டா என் புல்லைத் திருடினது? போலீஸ்ல சொல்லட்டுமா?" அப்பா ரொம்பப் பணிவாக, "தெரியலையே அண்ணே. கோடு நேரா இருக்கா பாருங்க, நேரா இருந்தா உங்க வேலை இல்ல" என்றார். நேற்று ஆயிலும் மாற்றினார். கையெல்லாம் கறுப்பு, சட்டையெல்லாம் கறுப்பு, என் நல்ல துண்டிலேயே துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை நான்.

ஆகையால் கண்ணே, நான் சொல்ல வந்தது இதுதான். உனக்குக் கடல் போதும் என்று தோன்றினால் தாராளமாக வா, உன் அறை அப்படியே இருக்கிறது. ஆனால் அப்பாவுக்காக என்று அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்காதே. நீ அப்படி வந்தால், அவர் கஷ்டப்பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கியது போலாகும். எங்களுக்கும் வயதாகும், உதவி வேண்டிய நாள் வரும், அன்று நாங்களே கூப்பிடுவோம், கூச்சப்படாமல் கூப்பிடுவேன் என்று வாக்குத் தருகிறேன்.

கடவுள் உன்னையும் உன் கப்பலையும் காக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், நனைந்தால் உடனே மாற்று, அலட்சியம் வேண்டாம். சனிக்கிழமை காலையில் போன் செய்யாதே, அப்பா வெளியே இருப்பார், சத்தத்தில் கேட்காது. கடிதம் எழுதுகிறேன் என்று இப்போது கண்டுபிடித்துவிட்டார், என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை, ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னார். லீவில் நீ வந்தால் அவருக்குச் சந்தோஷம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஆனால் வண்டிச் சாவியைக் கேட்கக் கூடாதாம்.

என்றும் உன் அன்பு அம்மா,
டார்லா