தண்ணியில் விழுந்தாலும் கெடாத டார்ச்

டிசம்பர் 8, திங்கள்

மலை மேல் கார்த்திகை தீபம் இன்னும் எரிகிறது. பின்பக்கம் கை கழுவப் போனால் அதைப் பார்க்காமல் உள்ளே வர முடியாது. மேகம் வந்து மூடுகிறது, விலகுகிறது. யாரோ கண்ணை மூடித் திறப்பது போல.

பொங்கல் லீவுக்கு எல்லாரும் ஜவ்வாது மலை போகிறோமாம். பேத்தி இனியா சாப்பிடும்போது சொன்னாள். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தருவார்களாம், படகு விடலாமாம். "ஆயா, நீயும்தான் வர்ற."

என் மகன் பிரகாஷ் உடனே, "அப்போ ஒரு டார்ச்சு வாங்கணும். தண்ணியில வுழுந்தாலும் கெடாத டார்ச்சு" என்றான்.

இனியா தட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். மருமகள் தமிழ்செல்வி மோர் சோற்றில் ரசத்தை ஊற்றினாள்.

வீட்டில் டார்ச் மூன்று இருக்கிறது. ஆளுக்கொரு போன் வேறு. இவனுக்கு வேண்டியது டார்ச் இல்லை, புகை விடுகிற மெஷின். சிகரெட்டுக்குப் பதிலாக வாசனை எண்ணெய் ஊற்றி பேட்டரியில் இழுப்பார்களே, அது. இனியாவிடம் அவன் போனில் காட்டிப் பேசியதை அறைக்குள் இருந்தே கேட்டேன். என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசியில் வேலூரில் அடைப்புக்கு அவன் நெஞ்சுக்குள் கம்பி வைத்தார்கள். "இனிமே ஒண்ணு புடிச்சாலும் நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் தமிழ்செல்வியிடம் சொன்னதையும் கதவோரம் நின்று கேட்டேன்.

என் எதிரில் அவன் ஒரு நாளும் பிடித்ததில்லை. அவன் வாடகை வேன் நிறுத்துகிற ஸ்டாண்டுப் பக்கம் நான் வருவது தெரிந்தால் எரிகிறதை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வான். கை பொசுங்கியிருக்கிறது. நானும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அது அவன் எனக்குத் தருகிற மரியாதை. அது இருக்கிற வரை நானும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. கேட்டுவிட்டால் அப்புறம் எதற்கு ஒளிவான்?

டிசம்பர் 10

ஆதிமூலம். என் கூடப் பிறந்த தம்பி. பிரகாஷ் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த வாரம். கல்யாண மண்டபத்துப் பின்னால், எச்சில் இலை குவித்திருந்த இடம். ஆதிமூலம் நீலச் சட்டை போட்டிருந்தான், இரண்டாவது பித்தான் இல்லை. தீக்குச்சியைக் கிழித்து என் பிள்ளை வாயருகே நீட்டினான். "ஆம்பள புள்ளடா நீ" என்றான். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை.

டிசம்பர் 16

இன்று டார்ச் தேர்ந்தெடுத்தோம்.

ஆதிமூலத்தின் மகன் அன்பரசன் துபாயிலிருந்து போனில் முகம் காட்டினான். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தார்கள். அந்தப் பிள்ளையோடு எனக்குப் பகை இல்லை. கொஞ்சம்தான்.

"அத்தே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். டார்ச்சைக் காட்டு."

முதலில் ஒரு எவர்சில்வர் டார்ச். கல்மேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம், ஆனால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமாம். அடுத்தது மேலே ரப்பர் சுற்றியது. முங்கினாலும் தாங்குமாம், சார்ஜ் ஜாஸ்தி நேரம் நிற்குமாம். மூன்றாவது பேனா மாதிரி லேசாக இருந்தது. தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதானாம்.

"எண்ணெ எது ஜாஸ்தி புடிக்கும்?" என்று பிரகாஷ் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.



"டார்ச்சுக்கு எதுக்குடா எண்ணெ?" என்றேன்.

"அது... துரு புடிக்காம இருக்கம்மா."

"ஓ. வெளிச்சம் எட்ட அடிக்குமா?"

அன்பரசன் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். "இல்லத்தே. கிட்டக்கதான்."

இனியா தண்ணீர் குடிக்க எழுந்து ஓடினாள். அங்கே போய்ச் சிரித்த சத்தம் கேட்டது.

"ரப்பர் சுத்தினதே இருக்கட்டும். சார்ஜ் குத்துற ஓட்டைக்கு மூடி இருக்கான்னு பாரு. கயிறு கோக்க வளையம் இருக்கணும், இல்லன்னா படகுல குனியறப்ப போயிடும். தூக்கிப் போடறது வேணாம். ஏரிக்கரையில போட்டா மாடு முழுங்கும்."

பிரகாஷ் என்னைப் பார்த்தான். "சரிம்மா" என்றான்.

ஏன் சொன்னேன்? வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கம்பி வைத்த பிறகு புகையைப் பற்றி நானும் அவனும் பேசியது இதுதான் முதல் தடவை. டார்ச் என்று பேர் வைத்தாவது பேசினோமே. அந்த ஆசைதான்.

டிசம்பர் 27

அன்பரசன் லீவில் வந்துவிட்டான். பிரகாஷிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "வெளிய எடுக்காதீங்க மச்சான். நம்ம ஊர்ல இத விக்கவே கூடாது, கேஸு" என்று கிசுகிசுத்தான். டார்ச் விற்றால் கேஸ் போடுகிற ஊர்.

வாசலில் ஆதிமூலம், "அக்கா இல்லையா?" என்றான். நான் அடுப்படியை விட்டு வரவில்லை.

டிசம்பர் 30

குளியலறையில் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்திருக்கிறான். உள்ளே போனால் முலாம்பழ வாசனை. மார்கழியில் முலாம்பழம் ஏது?

ஜனவரி 3

பௌர்ணமி கிரிவலம். செங்கம் ரோடு முழுக்க வெறுங்கால்கள். நிலா வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை, ஜனங்கள் ஓடுகிற தண்ணீர் போலப் போனார்கள். வாசலில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். கனவில் பிரகாஷ் கைப்பிள்ளை. வாயைத் திறந்து கொட்டாவி விட்டான், வெள்ளையாகப் புகை வந்தது. நான் அதை முந்தானையில் பிடித்துப் பிடித்து முடிந்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 16

ஆதிமூலம் ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தனுப்பியிருந்தான். மாட்டுப் பொங்கல்தானே, பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

ஜனவரி 17, ஏரிக்கரை

குளிர். பொழுது சாய்ந்ததும் பிரகாஷ் டார்ச்சை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனான். வெளிச்சம் வரவில்லை. இருமல்தான் வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். புடவை ஓரம் இன்னும் ஈரம்.

விடியும்போது கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். ஏரியைக் காணவில்லை. பனிதான் இருந்தது. மரம் இல்லை, கரை இல்லை, ஒரு படகின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம். செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ, பயமே இல்லாமல், என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அப்போது பனியில் ஒரு துண்டு மட்டும் முலாம்பழமாக மணத்தது.

படகு விளிம்பில் என் மகன். வாயிலிருந்து வெள்ளையாக வந்து பனியோடு கலந்தது. எது அவன் மூச்சு, எது மலையின் மூச்சு, தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

திரும்பிப் போயிருப்பேன். இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மடங்கி மடங்கி இருமினான். இன்னும் இரண்டடி கிட்டே போனேன்.

"யாரு?"

"நான்தான்."

கையை மூடப் போனான். டார்ச் நழுவித் தண்ணீரில் விழுந்தது. கயிறு கோக்கவில்லை, நான் சொல்லியும். முழங்கால் ஆழம்தான். அடியில் நீலமாக ஒரு புள்ளி எரிந்தது. இறங்கி எடுத்தேன். முந்தானையில் துடைத்து நீட்டினேன்.

"பாரு, கெடல. நல்ல டார்ச்சுதான்."

"அம்மா—"

"புடி."

"வேணாம்மா."

"புடிடா. கம்பி வெச்ச நெஞ்சு எப்டி இழுக்குதுன்னு பெத்தவ பாக்கணும்ல?"

வாங்கினான். வாய் வரை கொண்டுபோனான். நான் இமைக்கவில்லை. கையை இறக்கினான். "உன் எதிர்ல முடியாதும்மா" என்றான். தோள் குலுங்க அழுதான்.

முடியாதா? என் எதிர்ல முடியாதா? அவ்ளோதானா— அப்போ நான் எங்கடா போவப் போறேன்? உன் எதிர்லயே உக்காந்துக்கறேன். இதுக்கா இத்தினி நாளு ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்கினு கெடந்தோம்?

ஜனவரி 20

காலையில் அவன் வேனை எடுக்கும்போது போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கம்மா போற?"

"நீ போற எடத்துக்கு."

"சாத்தனூர் சவாரிம்மா. திரும்ப சாயந்திரம் ஆவும்."

"டேம் பாத்து நாளாச்சு."

தமிழ்செல்வி அடுப்படிக்குப் போனாள். இரண்டு டிபன் டப்பா கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரி 29

பிரகாஷ் என்னிடம் பேசுவதில்லை. புகை இல்லாத கோபம். கியரை அடிக்கிற அடியில் தெரிகிறது. இருக்கட்டும். பேசாமல் இருப்பதில் என்னை ஜெயிக்கப் போகிறானா?

டார்ச் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 6

செஞ்சிக் கோட்டை. சவாரி வந்த வெள்ளைக்காரம்மா என்னைத்தான் கைடு என்று நினைத்துக்கொண்டு கையைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டாள். "கோட்டைம்மா. ராஜா. பெரிய சண்டை" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள். பிரகாஷ் சிரித்துவிட்டான். பிறகு இருமவில்லை.

பிப்ரவரி 19

வேன் ஸ்டாண்டில் ஆதிமூலம் பார்த்துவிட்டான். "ஏன்க்கா, இந்த வயசுல உனக்கு ஊர் சுத்தறது கேக்குதா?" என்றான்.

"நீ கொளுத்தி வெச்சத அணைக்கத்தான்டா சுத்தறேன்" என்றேன்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவனோடு பேசிவிட்டேனே என்று மத்தியானம் வரை மனசு உறுத்தியது. திட்டினது பேச்சில் சேராது.

மார்ச் 11

மூட்டு வீங்கியிருக்கிறது. கால் கீழே வைக்க முடியவில்லை. "இன்னிக்கு நான் வரல, நீ போ" என்றேன். பிரகாஷ் தலையாட்டிவிட்டுப் போனான்.

வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. கிளம்புகிற சத்தம் கேட்கவில்லை. ஹாரன் அடித்தான். யாராவது குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தான்.

இனியா வந்தாள். "ஆயா, அப்பா முன்கதவத் தெறந்து வெச்சிகினு உக்காந்திருக்காரு."

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். நான் உட்காருகிற சீட்டுக்குக் கீழே, காலை வைத்துக்கொள்ள, ஒரு தலையணை போட்டிருந்தான்.