நாலு நாள் போதும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கூடப்பிறந்த தம்பிக்குப் போன மாதம் ஐம்பது முடிந்தது. லிப்ட் கம்பெனியில் பொறுப்பில்லாதவர் என்று வேலையை விட்டு நிறுத்தி ஒரு வருடம் கழித்துத்தான், அது மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். இப்போது நான் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் கேட்டேன். "அறுபது ஆகணும்மா. இவர் திடமா இருக்கார், ஓடினா எங்களால பிடிக்க முடியாது" என்றார்கள். நேற்று வீட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்து, ஒயரை எல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்.

ஒரு பத்து நாள் வந்து இருப்பீர்களா? நான் கொஞ்சம் தூங்க வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 11

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைக் கேலி செய்து சிரித்தான். என் முழங்கால் வலியைக்கூட விசாரித்தான். அவனுக்கு என்ன குறை? வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் மனசு தடுமாறும். நீ தொட்டதற்கெல்லாம் கடிந்துகொள்கிறாயோ என்னவோ. கோபித்துக்கொள்ளாதே. வருகிறேன், வந்து அவனைத் தேற்றிக் காட்டுகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ளவளே,

பத்து நாள் என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் நாளே உன்னை வரவழைத்துக் கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் பேசினான். மறுநாள் என்னிடமே, "எங்கக்கா எப்ப வருவா?" என்றான். "நான்தான்டா" என்றேன். "விளையாடாதீங்கம்மா" என்றான். அப்புறம் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவை இடித்தான். தடுத்தேன், கையை முறுக்கிவிட்டான். வீக்கத்தைப் பார்த்து, "யார் இப்படிப் பண்ணினது?" என்று அவனே அழுதான்.

நீ மூன்று வருடமாக இதில் இருக்கிறாய். எனக்குத் திராணி இல்லை. நான் எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கை வீக்கம் வடிந்ததா? அந்தக் கடிதத்தை வந்த அன்றைக்கே கிழித்துவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு.

நீங்கள் இருந்த நாலு நாளும் தோழி வீட்டில் தூங்கினேன். சாப்பிடக்கூட எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அப்படி ஓர் ஆசை எனக்குள் மிச்சம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பத்து நாள் கேட்டது என் தப்பு. மாதம் நாலு நாள் வாருங்கள். அது போதும்.

நீங்கள் அக்கா என்று அவருக்கு நினைவில்லை. "அந்தம்மா காபி நல்லா போட்டாங்க, திரும்ப வருவாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வருவார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி