மோட்டார் போடக் கற்றுக்கொண்டேன்

வெள்ளி, இரவு.

ரத்தம் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று பார்க்க, என் வீட்டுக்காரருக்கு இன்று அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில், வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தார்கள். இரைப்பையின் உள்சவ்வில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெருகி, சின்னச் சின்ன முடிச்சாகி இருக்கிறதாம். பக்கத்து நுண்ணிய ரத்தக்குழாய்களில் கசிவாம். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"கேன்சருங்களா டாக்டர்?" என்றேன்.

"இது பெரும்பாலும் மெதுவாத்தாம்மா வளரும். ரிசல்ட் வரட்டும்."

பஸ்ஸில் நாமகிரிப்பேட்டைக்குத் திரும்பினோம். இறங்கியதும் அவர் என்னை எங்கள் மஞ்சள் காட்டுக்குக் கூட்டிப்போய், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் காட்டினார். இத்தனை வருஷம் என்னை அதைத் தொடவே விட்டதில்லை.

"இப்ப எதுக்குங்க இது?"

"கத்துக்க சாமி. ஒதவும்."

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் பாய்ந்தது. அவர் திரும்பி நின்றுகொண்டார். முகத்தைப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை.