அந்தக் காருக்கு மஞ்சள் அடித்தவள்

நேற்று உங்கள் காரை ஒரு யூரியாப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பையின் வாயை அவிழ்த்ததும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. அதோடு பழைய சிகரெட் சாம்பலும், காய்ந்த வெற்றிலை எச்சிலும். குசினி வாசலில் பத்திரிகைத் தாளை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். காரின் மேல்கூட்டை யாரோ சாம்பல் தட்டாகப் பாவித்திருக்கிறான். சாரதி உட்காரும் இடத்தில் சிகரெட்டை வைத்து நசுக்கி நான்கு ஓட்டைகள். டயர்களை எலி கடித்திருக்கிறது. பின் சக்கரம் ஒன்றைக் காணவில்லை. மோட்டரைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ரிமோட்டும் இல்லை. பல்சக்கரப் பெட்டியைத் திறந்தால், நீங்கள் அவ்வளவு கவனமாகப் பூசிய கிரீசில் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன.

அதை ஒப்படைத்த பொலிஸ் நிலையத்தின் பெயரை எழுதக்கூட எனக்குக் கூசுகிறது. யுத்தம் முடிந்துவிட்டதாம், சாமான் அறையைத் துப்புரவு செய்கிறார்களாம், வேண்டுமென்றால் எடுத்துப் போகலாமாம். மேசையில் இருந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "விளையாட்டுக் கார்தானே நோனா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருந்தது. வாசித்தேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கை கழுவினேன். எலி நாற்றம் முதல் தடவையிலேயே போய்விட்டது.

உங்கள் முதல் காரை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் அதைப் பற்றிச் சொன்னீர்கள். சிங்கப்பூரிலிருந்து உங்கள் மாமா கொண்டு வந்த, ரிமோட்டில் ஓடும் ஜப்பான் கிட். ஒவ்வொரு ஆணியாக நீங்களே பூட்டி, உங்கள் அப்பாவின் மின்சாரச் சாமான் கடைக்குப் பின்னால் ஓட்டியது. எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளையில் கடைகள் எரிந்தபோது அது கடையின் மேல் தட்டில் இருந்தது. உங்களுக்கு அப்போது இருபது வயது. சொந்தக்காரர்கள் கூடினால் கடையைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள். "கடை அப்பாவோடது. கார் மட்டுந்தான் என்னோடது" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னீர்கள்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, துபாயில் வேலை செய்த உங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர் போனில் ஒரு செய்தி சொன்னார். அந்த ஜப்பான் கம்பெனி பழைய மாடல்களை அப்படியே மறுபடியும் செய்து விற்கிறதாம். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் மிளகு ஸ்டோரில் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது.

நாலு மாதம் தெரிவு செய்தீர்கள்! கொமினிகேஷன் கடையில் இன்டர்நெட்டிலிருந்து படங்களை அச்சடித்து வந்து கொப்பியில் ஒட்டினீர்கள். பெற்றோலில் ஓடுவது வேண்டாம், சத்தத்துக்கு அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். நாலு சக்கரமும் இழுப்பது நல்லது, வளைவில் புரளாது. பூட்டிய நிலையிலேயே வருவது லேசு, பெற்றரியைப் போட்டால் ஓடும். பழைய மாடலில் இரண்டு சக்கரம்தான் இழுக்கும். இப்படியே எழுதி எழுதி அடித்தீர்கள். எனக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு எப்படியோ நானும் அந்தக் கொப்பிக்குள் விழுந்துவிட்டேன்.

"பூட்டி வர்றத வாங்கினா ஒரு ஞாயித்துக்கெழமையில முடிஞ்சிடுங்க. நீங்களே பூட்டுறதா வாங்குங்க" என்றேன்.

"அப்ப பழசா, புதுசா?"

"புதுசுதான் நல்லாப் போகும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"பழசு வளைவுல கவுந்துடும். ஆனா அதோட குணம் எனக்குத் தெரியும்" என்றீர்கள். அதோடு கொப்பியை மூடிவிட்டீர்கள்.

பெட்டி வந்த பிறகு இரண்டு மாதம் நம் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. நீங்கள் ஈயம் பற்ற வைக்கும்போது வயரைப் பிடித்தது நான். சின்ன ஆணிகளைத் தேநீர்ச் சாசரில் பிரித்து வைத்தது நான். பெட்டியின் மேல் இருந்த படத்தில் கார் சிவப்பு. சிவப்பு வேண்டாம், பழுத்த மாம்பழ மஞ்சள் அடிப்போம் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். வீட்டுக்குப் பின்பக்கம் நின்று நானே ஸ்ப்ரே அடித்தேன். வீட்டுச் சேலையின் முந்தானையில் விழுந்த சொட்டு எத்தனை தடவை தோய்த்தும் போகவில்லை.

"புள்ள இல்லாத வீட்டுக்கு வெளையாட்டுச் சாமான்" என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்தது. நீங்கள் கணக்கெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஸ்டோரின் மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தில் ஓட்டினோம். கராம்பு வாசம் நிறைந்த அந்த முற்றத்தில் கார் வளைவுக்கு வளைவு கவிழ்ந்தது. நீங்கள் ஓடிப்போய் நிமிர்த்துவீர்கள். உங்கள் தம்பியும் ஒரு ஞாயிறு வந்தார். நாவுலயில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்கு லொறி விடுகிற மனிதர், காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் ரிமோட்டைக் கையை விட்டு இறக்கவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். யார் பெட்டிசம் எழுதிப் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொலிசிலிருந்து நாலு பேர். அலுமாரியிலிருந்து ரிமோட்டை எடுத்து, ஏரியலை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தார்கள். கொப்பியைப் புரட்டினார்கள். பெற்றரி, வயர், ரிசீவர் என்று நீங்கள் வரைந்த படங்கள். ஒரு பக்கத்தில் "நூறு மீற்றர் வரை" என்று எழுதிச் சிவப்பில் கோடு போட்டிருந்தீர்கள்.

"நூறு மீற்றருக்கு அப்பால் நின்று எதை இயக்கப் போகிறாய்?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.

"காரை, சார்."

கன்னத்தில் அறைந்தார். உங்கள் மூக்குக் கண்ணாடி குசினி வரை போய் விழுந்தது.

உங்கள் தம்பியைக் கூப்பிட ஆள் போனது. அடுத்த தெருவிலிருந்து வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். "அவர் வேற, நாங்க வேற சார். பேச்சுவார்த்தைகூட இல்ல" என்று சிங்களத்திலும் தமிழிலுமாகச் சொன்னார். அவர் போன ஞாயிறு சாப்பிட்ட கோப்பை இன்னும் நம் பாத்திர றாக்கையில் இருந்தது.

பிறகு என்னிடம் திரும்பினார்கள். உனக்கு இதைப் பற்றித் தெரியுமா?

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றும் சொன்னேன். மஞ்சள் சொட்டு விழுந்த அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினீர்கள், சரியாகச் சொன்னாய் என்கிற மாதிரி.

பத்தொன்பது நாள் உங்களை உள்ளே வைத்திருந்தார்கள். தினமும் சோற்றுப் பார்சலோடு கேட்டடியில் நின்றேன். தினமும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்றுகூட உங்களுக்கு வந்து சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் வறுத்த கருவாட்டைத் தின்ற வாயால்தான் உங்களைத் தூஷணத்தில் ஏசியிருக்கிறார்கள்.

நீங்கள் திரும்பி வந்த அன்று உங்கள் மேல் வீசிய வாடையை எனக்கு எழுதத் தெரியவில்லை. வெந்நீர் வைத்து நானே ஊற்றினேன். இடது காது கேட்கவில்லை. முதுகைத் தேய்க்க விடவில்லை. ஒரு வாரம் கழித்து, நீங்களாகவே சொன்னீர்கள்.

"எட்டாம் நாளே அவங்களுக்கு வெளங்கிடுச்சி. காரக் கொண்டாந்து வச்சி என்னையே ஓட்டிக் காட்டச் சொன்னாங்க."

"ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன். வராந்தாவுல. கை தட்டினாங்க. பெறகு அவங்களும் ஆளுக்கு ஒரு சுத்து ஓட்டினாங்க. சுவத்துல மோதினா சிரிப்பு. எல்லாம் முடிஞ்சதும் என்னத் திருப்பி உள்ள போட்டாங்க."

எட்டும் பதினொன்றும் பத்தொன்பது. அந்தப் பதினொரு நாளை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. குண்டு என்ற சந்தேகத்தில் அடித்தார்கள் என்றால் அது ஒரு கொடுமை. விளையாட்டுச் சாமான் என்று தெரிந்து, அதை வைத்து விளையாடிவிட்டு, அதன் பிறகும் அடித்தார்கள் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

என்னை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக ஒரு நாள் தொடங்கியபோது, "நீ சொன்னது சரிதான். இல்லாட்டி ஒன்னையும் ஏத்தியிருப்பாங்க" என்று முடித்துவிட்டீர்கள். நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஈயம் பற்ற வைக்கும் கோலைப் பிடிக்க உங்கள் கை ஒரு நிலையில் நிற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எதற்கு அந்தச் சனியன் என்று ஊர் கேட்டது. கோயிலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள். "எனக்குப் புடிச்சிருந்திச்சி. வாங்கினேன்" என்று ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னீர்கள். தப்புச் செய்துவிட்டேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்தேன். இந்த வருஷம் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்க, முகம் மழித்துக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே சரிந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நாலு மாதம் கழித்து, யுத்தம் முடிந்ததென்று தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். வீட்டுக்கு வீடு பாற்சோறு வந்தது. நானும் கையை நீட்டி வாங்கினேன்.

இன்று காலை உங்கள் தம்பி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். தாளில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இத ஏன் அண்ணி வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? வீசிடுங்க. எல்லாம் முடிஞ்சிருச்சி. இனி பழசக் கெளறக் கூடாது."

"நீங்களும் இத ஓட்டினீங்க" என்றேன்.

"அன்னைக்கி நான் வேற என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு செக்பொயிண்ட்லயும் என் லொறி நிக்கணும்." தேநீரை ஒரு மிடறு குடித்தார். பிறகு, குரலை இறக்காமலே கேட்டார்: "நீங்களுந்தானே தெரியாதுன்னு சொன்னீங்க அண்ணி?"

"ஆமா. பொய் சொன்னேன். கேக்காததுக்கும் சேத்துப் பொய் சொன்னேன். நீங்களும் சொன்னீங்க. உண்மையச் சொன்னது அவர் ஒருத்தர்தான். அவரத்தான் அடிச்சாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் அப்படியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. என் முகத்தையே எதிரில் உட்கார வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

வாய் விட்டுச் சொன்னால் லேசாகிவிடும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். லேசாகவில்லை. அவர்கள் மேல் இருக்கிற அருவருப்பு அப்படியே இருக்கிறது, என் மேல் இருக்கிற அருவருப்பும் அப்படியே இருக்கிறது. நீங்கள் இருந்தால் விட்டுத்தள்ளு என்பீர்கள். விட மாட்டேன். இந்த அருவருப்பு என்னிடமிருந்து கழுவிக்கொண்டு போய்விட்டால், அடுத்த தடவை யாராவது வாசலில் வந்து நின்று கேட்கும்போது, நான் மறுபடியும் ஒன்றும் தெரியாதவளாகிவிடுவேன்.