நிறுத்தச் சொன்ன கை

அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கதை, கப்பல் கதை எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டித் தீர்த்துவிடுவேன். இதை மட்டும் அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. என் இடது கை நடுங்குகிறது.

கிரேன் லீவரைப் பிடித்திருக்கும்போது தெரியாது. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடும். ரோஸ்லின் கண்டுபிடித்துவிட்டாள். பொண்டாட்டி கண்ணுக்குத் தப்ப முடியுமா? உள்ளூர் டாக்டர் நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லி, சென்னையில் இருக்கும் நரம்பு டாக்டரிடம் வீடியோவில் காட்டச் சொன்னார். துறைமுகத்தில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மேலே ஏற விடுவார்களா? கிரேனை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், நீயே சொல்.

நேற்றுச் சாயங்காலம் சோதனை. ரோஸ்லின் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். டாக்டரம்மா சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், போட்டேன். நாணயத்தைப் பொறுக்கச் சொன்னார், பொறுக்கினேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"அடுத்து கையை விரிச்சு விரிச்சு மூடணும் சார், இப்படி" என்று தன் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "சார், ஆரம்பிங்க" என்று மறுபடியும் கையைத் தூக்கினார். மறுபடியும் என் கை அசையவில்லை.

"என்ன, முழிச்சிக்கிட்டு இருக்கிய? செய்யுங்க" என்றாள் ரோஸ்லின்.

உனக்குப் புரிந்திருக்கும். கப்பல் தளத்தில் நின்று, மேலே கிரேனில் இருக்கும் எனக்கு நீ காட்டிய கை அது. அந்தக் கை உயர்ந்தால் சரக்கு எங்கே தொங்கினாலும் அங்கேயே நிற்க வேண்டும். "எலே, உனக்குக் கண்ணு நாந்தாம்ல. என் உசுரு உன் கையில இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டாய்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்தார். பிறகு கையை இறக்கிவிட்டு வாயால் சொன்னார். வலது கை சொன்னபடி கேட்டது. இடது கை போகப் போகச் சுணங்கியது, விரல்கள் பாதிக்குமேல் விரியவில்லை. அவர் சிரிப்பும் நின்றுபோனது.

"கையோட இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்தாதான் உறுதியாச் சொல்ல முடியும். நேர்ல வாங்க. அதுவரைக்கும் கிரேன் ஓட்டாதீங்க."

"போன்ல பாத்ததுதான டாக்டர், முடிவில்லையே?" என்று வாதாடினேன். முடிவில்லாததால்தான் சொல்கிறேன் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயம்தான் அது, வேறென்ன.

போனை வைத்த சூட்டோடு உன் மகன் கூப்பிட்டான். கப்பல் தளத்தில் கை காட்டும் உன் வேலைதான் பார்க்கிறான், உன்னைப் போலவே வாயும் நீளம்.

"மாமா, நாளைக்கு நீங்கதான மேல? நாந்தான் கீழ நிக்கேன். நீங்கன்னா நமக்குக் கவலையே இல்ல."

மடியில் இடது கை ஆடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"நாளைக்கு நான் ஏறலலே. கையில கோளாறு. ஆபீஸ்ல சொல்லப் போறேன்" என்றேன். "முதல்ல கையப் பாருங்க மாமா" என்று உடனே ஆரம்பித்துவிட்டான் உன் மகன்.

இந்தக் கை தேறினதென்று தொட்டுப் பார்த்தவர்கள் சொல்லும்வரை உன் மகன் தலைக்கு மேலே நான் சரக்குத் தூக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ கை காட்டி நான் நிறுத்தாமல் இருந்ததில்லை மாப்பிள்ளை. இப்போதும் நிறுத்திவிட்டேன்.

உன் பிள்ளைக்கு மாமனாக இன்னும் இங்கே இருக்கும்
தொம்மை