மஞ்சள் வீட்டுக்குத் தகரம் அடித்த கோடை

ஜனவரி 11

வடக்குச் சுவரில் ஓடு போல அடுக்கி அடித்த மரச் செதில்களில் மூன்று இன்று விழுந்தன. செதில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அலெர்சே மரம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஆணிதான் துருப்பிடித்துப் போயிருக்கிறது. பின்னால் இருக்கும் பலகையில் விரலை அழுத்தினால் உள்ளே போகிறது.

புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து மகள் நெலி போன் செய்தாள். “போன குளிர்லயே அப்பாவுக்கு நிமோனியா வந்து பொழச்சது பெரிசு. இந்தக் கோடை முடிஞ்சு வர்ற மழைக்காலமும் அவர அந்தச் சல்லடைக்குள்ள வெச்சிருக்கப் போறியாம்மா?”

சல்லடையாம்! நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் அவள் அப்பா பெலார்மினோ தன் கையால் பிளந்து, தன் கையால் அடித்த சுவர். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை.

ஜனவரி 13

இன்று பெலார்மினோவுக்கு நல்ல நாள். சூப்பில் உப்பு ஜாஸ்தி என்று என் பெயரைச் சொல்லியே சண்டை போட்டார். இந்த மாதத்தில் இரண்டாவது தடவை என் பெயர் அவருக்கு ஞாபகம் வருகிறது. சண்டை இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.

சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் கேட்டேன்: “சுவத்துக்குத் தகரம் அடிச்சிடலாமாங்க?”

“உன் இஷ்டம்” என்றார். கேட்டுத்தான் சொன்னாரா?

ஜனவரி 17

பக்கத்து வீட்டு லிசாந்த்ரோ தன் லாரியில் காஸ்த்ரோ டவுனிலிருந்து தகரம் கொண்டுவந்தான். எல்லாம் கரும்பச்சை. மஞ்சள் கேட்டதற்குக் கடைக்காரன் சிரித்தானாம்.

படகுக்கு அடித்து மிஞ்சும் பெயிண்டைத்தான் எங்கள் சுவருக்கு எப்போதும் அடிப்போம். படகு மஞ்சள், அதனால் வீடும் மஞ்சள். கடலிலிருந்து வரும்போது முதலில் தெரிவது நம் வீடுதான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார். சரி, மஞ்சளா பச்சையா என்று குளிர் பார்க்குமா? நெஞ்சுக்குள் சளி ஏறாமல் இருந்தால் போதும்.

ஜனவரி 20

மிங்கா என்கிற கூட்டுவேலைக்கு வீடு வீடாகப் போய் ஆள் கேட்டேன். பதினாலு பேர் வருகிறேன் என்றார்கள். கூலி கிடையாது. வயிறார சாப்பாடு போட வேண்டும். நாளைக்கு அவர்கள் கூப்பிட்டால் நானும் ஒரு நாள் போய் உழைக்க வேண்டும். இந்தத் தீவில் அப்படித்தான்.

ஜனவரி 26

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆட்கள் வந்ததும் பெலார்மினோ பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு சுத்தியலோடு இறங்கிவிட்டார். நாலு பேர் வேலையை ஒருத்தராகச் செய்தார். எத்தனை மாதமாயிற்று அவரை அப்படிப் பார்த்து! ஒரு செதிலைப் பெயர்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, லிசாந்த்ரோவிடம் சொன்னார்: “இத அடிச்சவன் தொழில் தெரிஞ்சவன்யா. ஒண்ணுக்கு ரெண்டே ஆணி. ஒண்ணுகூட விரிசல் விடல பாரு. யாரு வீடு இது?”

வாயாடி லிசாந்த்ரோ ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். நான் சமையலறைக்குள் போய் உருளைக்கிழங்கு துருவினேன். துருவியதை விட அழுததுதான் அதிகம்.

நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஆட்டுக்கறி, துருவிய கிழங்கில் சுட்ட மில்காவோ, ஆப்பிள் சிச்சாக் கள் என்று சாப்பாடும் ஆயிற்று. பெலார்மினோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சாப்பாடு பிரமாதம்மா. நான் கெளம்புறேன். எடெல்மிரா தேடிக்கிட்டிருப்பா.”

“நான்தாங்க எடெல்மிரா.”

குடித்துவிட்டு உளறுகிறவளைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தார்.

ஜனவரி 27

கரையோரமாகக் கோடிக்கும் கோடிக்கும் மூன்று முறை நடந்திருக்கிறார். மஞ்சள் வீட்டைத் தேடி. லிசாந்த்ரோதான் கூட்டிவந்தான்.

என்னை எத்தனையோ நாள் மறந்திருக்கிறார். வாசலை மறந்ததே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை ஒரு தடவை வைப்பார், பிறகுதான் உள்ளே வருவார். இன்றும் வைத்தார். தகரம் ஜில்லென்று பட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

“இது உங்க வீடும்மா. எனக்கு எங்க வீடு வேணும்.”

ஜனவரி 30

விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். தொப்பி மடியில். ஷூவைக் கழற்ற மாட்டேன் என்கிறார், படுக்கவும் மாட்டேன் என்கிறார். தண்ணீர் கொடுத்தாலும் நன்றி. ரொட்டி கொடுத்தாலும் நன்றி. ஐயோ, இந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. திட்டித் தொலைக்கக் கூடாதா?

பிப்ரவரி 2

லிசாந்த்ரோவிடம் படகுப் பெயிண்ட் வாங்கி முன்சுவர் முழுக்க மஞ்சள் அடித்தேன். அறுபத்தாறு வயதில் ஏணி மேல் ஏறி. அவரை வெளியே கூட்டிவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கிட்டப் போய் விரல் முட்டியால் தட்டினார்.

“நிறம் சரிதாம்மா. மரம் எங்க?”

பிப்ரவரி 3

அவர் வீட்டைப் பறித்தது நான்தான். வேறு யாருமில்லை.

பிப்ரவரி 5

மரம் எங்கே என்றாரே — மரம் அடுப்பில். ஒரு வாரமாக அந்தச் செதில்களைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறேன். கொள்ளி வைத்ததும் பற்றிக்கொள்கிறதே என்று வேறு மெச்சிக்கொண்டேன். புத்தி கெட்டவள்! ஓடிப் போய்க் குவியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

மிச்சம் இருப்பதை வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உருளைக்கிழங்குக் கொட்டகைக்கு இரண்டு பக்கம் அடிக்கலாம். முன்பக்கம், அதை ஒட்டி வடக்குப் பக்கம். உள்ளே மிச்சத் தகரத்தைக் கொடுத்தால் காற்று வராது. அவருக்குச் சின்ன அடுப்பு ஒன்று வைத்துவிடலாம்.

நெலியிடம் சொன்னேன். “உனக்கும் மூளை கலங்கிடுச்சாம்மா? அப்பாவக் கெழங்குக் கொட்டகையிலயா போடுவ?” போனை வைத்துவிட்டு ஆணி எண்ணப் போனேன்.

பிப்ரவரி 9

இன்று அவரோடு வேலை செய்தேன்.

“உங்களுக்கு ஒரு நாள் ஒழச்சிருக்கேன், நீங்க எனக்கு ஒரு நாள் வரணும்ல?” என்று அவரே கேட்டார். நான் செதிலைப் பிடிக்க, அவர் ஆணி அடித்தார். மேல்வரிசை கீழ்வரிசையின் இடைவெளியை மூட வேண்டும். ஓரிடத்தில் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

“கண்ண எங்க வெச்சிருக்கீங்க? மழை நேரா உள்ள எறங்கும்!”

திட்டு வாங்கினேன்! தகரம் அடித்த பிறகு எனக்கு இருந்த ஒரே நல்ல நாள் இது.

பிப்ரவரி 17

கட்டில், சின்ன அடுப்பு, இரண்டு நாற்காலி, மேசை. எல்லாம் கொட்டகைக்குப் போயாயிற்று. லிசாந்த்ரோ தூக்கித் தந்தான்.

பெலார்மினோ வந்தார். கதவோரம் செதில்கள் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினார். மூன்று வாரம் கழித்து. கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

நானும் பின்னாலேயே படியேறினேன். அவர் வாசலுக்கு வந்து நின்றார்.

“ரொம்ப ஒத்தாச பண்ணுனீங்கம்மா. போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரி 18

பெரிய வீடு நல்ல கதகதப்பாக இருக்கிறது. நான் மட்டும் இருக்கிறேன்.

மார்ச் 4

முதல் பெருமழை. சூப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“பக்கத்து வீட்டுக்காரி.”

திறந்தார். இருமல் இல்லை, நெற்றியும் சுடவில்லை, முகம் தெளிவாக இருந்தது. சுவர் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. அடுப்போரத்து நாற்காலியில் உட்காரப் போனேன். “அது எடெல்மிராவோடது” என்றார். அவர் காட்டிய மற்றதில் உட்கார்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

“இப்ப வந்துடுவா. மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லியே?”

“இல்லைங்க” என்றேன்.

சூப்பை மூடியே வைத்தோம், அவள் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று.